கொறற்றியின் இடக்கை

மரிய கொறற்றி வலக்கையால் எழுதப் பழகிய காலத்திலிருந்தே இடக்கையும் கூடவே எழுதியது. பென்சில் வலக்கையில்தான் இருக்கும். இடக்கையில் ஒன்றும் இராது. ஆனாலும் வலக்கை விரல்கள் எப்படி வளைந்தனவோ அப்படியே இடக்கை விரல்களும், கண்ணாடியில் தெரிவதுபோலத் திசை மாறி, வெறும் காற்றில் வளையும். நிறுத்தச் சொன்னால் நிறுத்துவாள். அப்போது இரண்டு கையும் நின்றுவிடும்.

குருநகரில் கடற்றொழில் செய்யும் அடைக்கலநாதனுக்கும் லூர்த்தம்மாவுக்கும் மூத்த பிள்ளை அவள். முதலாம் வகுப்பு ரீச்சர் அவள் தன்னைப் பகிடி பண்ணுகிறாள் என்றே நினைத்தார். ஒரு நாள் பிள்ளையின் தலையிலிருந்த றிபனை அவிழ்த்து இடக்கையை அவள் இருந்த வாங்கோடு சேர்த்துக் கட்டிவிட்டார். கட்டுக்குள்ளேயும் அந்தக் கை துடித்தது. வீட்டுக்கு வந்தபோது மணிக்கட்டில் சிவப்பாய்த் தடம் கிடந்தது. லூர்த்தம்மா அதைப் பார்த்துவிட்டு எண்ணெய் பூசினாள். ரீச்சரோடு சண்டைக்குப் போகவில்லை. போகாததற்கு அவளிடம் ஒரு காரணம் இருந்தது. அதை அவள் யாருக்கும் சொல்லவில்லை.

தொண்ணூற்றைந்தில் ஊரோடு இடம்பெயர்ந்து கொடிகாமத்தில் ஒரு கமக்காரர் வளவில் கொட்டில் போட்டு இருந்தார்கள். அங்கே கப்பிக் கிணறு. ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையை மேலே கொண்டுபோய்ப் பிடிக்க வேண்டும். கொறற்றியால் அது முடியாது. ஒரு கை கயிற்றை விட்டால் மற்றக் கையும் விட்டுவிடும். வாளி ‘தொபுக்’கென்று கிணற்றுக்குள் போய் விழும். வீட்டுக்காரப் பெண் ஒரு தரம் பொறுத்தாள், இரண்டு தரம் பொறுத்தாள்.

“இனி உவளைக் கிணத்தடிக்கு விடாதேங்கோ” என்று லூர்த்தம்மாவிடம் சொன்னாள்.

கொறற்றிக்கு அப்போது ஏழு வயது. மூன்று நாள் கிணற்றடிப் பக்கம் போகவில்லை. நாலாம் நாள் போனாள். வாளி நிறைந்ததும் கயிற்றை இரண்டு கையாலும் ஒன்றாக இறுக்கிப் பிடித்தாள். கையை மாற்றாமல், பிடித்தபடியே பின்னுக்கு நடந்தாள். வாழைப்பாத்தி வரை நடந்தபோது வாளி மேலே வந்துவிட்டது. “அம்மா, பிடியுங்கோ!” என்று கத்தினாள். லூர்த்தம்மா ஓடிவந்து வாளியைப் பிடித்தாள். அதற்குப் பிறகு அந்தக் கொட்டிலுக்குத் தண்ணீர் அப்படித்தான் வந்தது. வீட்டுக்காரப் பெண்ணும் வாழைப்பாத்தியில் ஒரு நடைபாதை விழுந்ததையும் பொறுத்துக்கொண்டாள்.

இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். சட்டைக்குத் தெறி பூட்டுவது சரிவராது. தலையால் போடும் சட்டைதான். தேங்காய் துருவலாம், இரண்டு கையும் சேர்ந்து அமத்துவதால். வெங்காயம் வெட்டும்போது இடக்கையை முழங்காலுக்குக் கீழே வைத்து அமத்திக்கொள்வாள். வழி கிடைக்காதது எழுத்துக்கு மட்டுந்தான். சின்னப் பிள்ளையாய் இருக்கும்போது சிலேட்டில் நாலு வரி எழுதினால் போதும். வகுப்பு ஏற ஏற எழுத்தும் கூடியது. இடக்கையைச் சட்டைக்குள் சுற்றி, அதன்மேல் இருந்துகொண்டு எழுதுவாள். அரை மணித்தியாலத்தில் இரண்டு தோள்மூட்டும் எரியத் தொடங்கும். பதினோராம் வகுப்பு முடிவில் வரும் ஓ.எல். சோதினையில் விடை தெரிந்த கேள்விகளையே பாதியில் விட்டுவிட்டு எழும்பி வந்தாள். மறுமொழி வந்தபோது இரண்டு பாடத்தில் மட்டும் சித்தியடைந்திருந்தாள்.

“திருப்பி எடன் பிள்ளை” என்றார் தகப்பன்.

“எடுத்தாலும் கை உதுதானே அப்பா” என்றாள்.

அவளைக் கலியாணம் செய்த கனிசியஸ் பக்கத்துக் கோயில் பங்கைச் சேர்ந்தவன், அவனும் கடற்றொழில்தான். பீடத்துக்கு முன்னால் அவன் மோதிரம் போடும்போது அவள் ஒரு கை விரல்களை விரித்தாள். மற்றக் கையும் விரிந்து, பிடித்திருந்த பூச்செண்டு சுவாமியாரின் காலடியில் விழுந்தது. பின்வாங்கில் யாரோ சிரித்தார்கள். கொறற்றிக்கு முகமெல்லாம் சுட்டது. கனிசியஸ் குனிந்து பூச்செண்டை எடுத்துக் கொடுத்தான்.

“நீ என்னைப் பிடிச்சால் ரெண்டு கையாலையும்தான் பிடிப்பாய் போலை” என்று காதுக்குள் சொன்னான்.

அவளுக்கு அவனைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

ஒரு மகள் பிறந்தாள். கொறற்றி தொட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து அவளுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை கிலுக்கை ஒரு கையால் ஆட்டி, மறு கையைச் சூப்பத் தொடங்கிய பிறகுதான் தாய்க்கு மூச்சு வந்தது.

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் கொறற்றி நண்டுத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். கடலில் பிடித்த நண்டை அவித்து, ஓடு கழற்றி, சதை எடுத்து, ஐஸில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் இடம் அது. நீளமான மேசையில் பெண்கள் தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு வரிசையாய் நிற்பார்கள். இடக்கை நண்டைப் பிடிக்கும், வலக்கை கத்தியால் சதையைத் தோண்டும். கொறற்றியின் இடக்கையோ கத்தி பிடித்த கையைப் பார்த்துத் தானும் தோண்டப் பார்க்கும். நண்டு வழுக்கிக்கொண்டு ஓடும். முதல் வாரமே அவளைக் கழுவுகிற பக்கம் மாற்றிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து கனிசியஸிடம் ஒரு பலகையும் நாலு ஆணியும் கேட்டாள். அவன் ஆணிகளைச் சாய்வாக அடித்து, நண்டு அசையாமல் இருக்கிற மாதிரி ஒரு கவ்வுப் பலகை செய்து கொடுத்தான். அதைப் பார்த்த முகாமையாளர் சோமசேகரம் ஆணி துருப்பிடிக்கும் என்று ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அதே அளவில் துருப்பிடிக்காத உலோகத்தில் ஒன்று அடிப்பித்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு இடக்கை ஏப்பிரனின் பைக்குள் கிடந்து தன்பாட்டில் தோண்டிக்கொண்டிருக்கும். மேசையில் நின்ற மற்றப் பெண்களோடு அவள் சமமாய் வேலை செய்தாள். எட்டு வருசம் போனது.

ஒரு நாள் கவ்வு கழன்றது. அவள் யோசிக்காமல் இடக்கையால் நண்டைப் பிடித்தாள். கத்தி இடது பெருவிரலின் அடியில் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டு, பிறகு கிளினிக்குக்கு வரச் சொன்னார்கள். அங்கே இருந்தவர் இளம் டொக்டர் தயாளினி. நரம்பு அறுந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக, காயமில்லாத வலக்கையை முதலில் நீட்டச் சொன்னார்.

“பெருவிரலாலை மற்ற விரல்களை ஒண்டொண்டாத் தொடுங்கோ.”

கொறற்றி தொட்டாள்.

“இந்தக் கை மட்டும் போதும் அம்மா. காயக் கையை ஆட்ட வேண்டாம்.”

“நான் ஆட்டேல்லை டொக்டர்.”

டொக்டர் தயாளினி பேனையை மேசையில் வைத்தார். “திருப்பிச் செய்யுங்கோ பாப்பம்.”

திருப்பிச் செய்தாள். கட்டுப் போட்ட கையில் விரல் நுனிகள் ஒவ்வொன்றாய் அசைந்தன. டொக்டர் கதிரையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து இருந்தார்.

“எவ்வளவு காலமா இப்பிடி?”

“பிறந்ததிலையிருந்து.”

“ஒருத்தரிட்டையும் காட்டேல்லையோ?”

“கோயிலிலை அந்தோனியாரிட்டைக் காட்டினது. செவ்வாய்க்கிழமையளிலை.”

டொக்டர் சிரித்தார். கொறற்றியும் சிரித்தாள். முப்பத்தைந்து வருசத்தில் அந்தக் கையைப் பற்றிச் சிரித்துக்கொண்டு கதைத்த இரண்டாவது ஆள் அவர்.

இரத்தம் எடுத்தார்கள். அது கொழும்புக்குப் போய், அங்கிருந்து வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றுக்குப் போனது. மறுமொழி வரப் பல மாதம் சென்றது. வந்த அன்று, “வீட்டாக்களையும் கூட்டிக்கொண்டு வாங்கோ” என்று டொக்டர் தயாளினி ரெலிபோனில் சொன்னார். கனிசியஸ் கடலில். கொறற்றி தாயைக் கூட்டிக்கொண்டு போனாள்.

டொக்டர் ஒரு தாளில் தலையும் முதுகுத்தண்டும் கீறினார்.

“வலக்கையை ஆட்டச் சொல்லுறது மூளையின்ரை இடப்பக்கம். இடக்கைக்கு வலப்பக்கம். அப்ப மூளையிலையிருந்து வாற நரம்பு இழையள் கழுத்துக்கு மேலை, இந்த இடத்திலை, பக்கம் மாற வேணும். பிள்ளை வயித்துக்குள்ளை இருக்கேக்கைதான் இது நடக்கும். ஒவ்வொரு இழையும் வழி தேடித் தேடித்தான் வளரும்.”

“ஆர் வழி காட்டுறது?” என்று கொறற்றி கேட்டாள்.

“நல்ல கேள்வி. வழியிலை ஒரு பொருள் சுரக்கும், நெற்றின் எண்டு பேர். வழிகாட்டுறவர் எண்டு அர்த்தம் வாற ஒரு சமஸ்கிருதச் சொல்லிலையிருந்துதான் அந்தப் பேரை வைச்சவை. ஆனால் அது காட்டினால் மட்டும் போதாது. இழையின்ரை நுனியிலை அதை உணர ஒண்டு வேணும். அது ஒரு புரதம். நரம்புக் கலத்தைச் சுத்தியிருக்கிற சவ்வுக்குக் குறுக்காலை நிக்கும். பாதி வெளியிலை, பாதி உள்ளுக்கை. வெளிப்பாதி நெற்றினைப் பிடிக்கும். உள்பாதி ‘இந்தப் பக்கம் திரும்பு’ எண்டு உள்ளுக்குச் சொல்லும்.”

“எனக்கு அது இல்லையோ?”

“பாதி இருக்கு. அந்தப் புரதத்தைச் செய்யிற மரபணு எல்லாருக்கும் ரெண்டு பிரதி. உங்களுக்கு ஒரு பிரதியிலை பிழை. அதாலை கொஞ்ச இழை பக்கம் மாறிப் போயிருக்கு, கொஞ்சம் மாறாமல் தன்ரை பக்கத்திலையே போயிட்டுது. மூளை ஒரு கைக்குச் சொல்லுறது ரெண்டு கைக்கும் போய்ச் சேருது. வேறை ஒரு வருத்தமும் இல்லை. இதுவும் காலத்தோடை கூடாது, குறையாது. புத்தியிலை ஒரு குறையும் இல்லை.”

“மருந்து?”

“இல்லை அம்மா.” டொக்டர் அதை ஒளிக்காமல் சொன்னார்.

பக்கத்தில் இருந்த லூர்த்தம்மா முன்னுக்குச் சாய்ந்தாள்.

“டொக்டர், நான் இவளை வயித்திலை வைச்சிருக்கேக்கை பங்கருக்குள்ளை விழுந்தனான். ஷெல்லடிக்கப் பயந்து குதிச்சதிலை வயிறு அடிபட்டது. அதாலைதானே?”

கொறற்றி தாயைத் திரும்பிப் பார்த்தாள். இப்படி ஒரு கதையை அவள் கேட்டதே இல்லை.

“இல்லை அம்மா” என்றார் டொக்டர் தயாளினி. “விழுந்து வாற விசயமில்லை இது. நீங்கள் விழ முன்னமே இருந்தது. உங்களிட்டையிருந்தோ தகப்பனிட்டையிருந்தோ வந்திருக்கலாம், இல்லாட்டிப் புதுசா வந்திருக்கலாம். நீங்கள் குதிச்சதாலை ரெண்டுபேரும் உயிரோடை இருக்கிறியள், அவ்வளவுதான்.”

லூர்த்தம்மா சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். பஸ்ஸில் மகளின் இடக்கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கையை அவள் அப்படிப் பிடித்ததைக் கொறற்றி அதற்குமுன் கண்டதில்லை. இவ்வளவு காலமும் தாய் அந்தக் கையை ஏன் பார்க்காமல் பார்த்தாள், ரீச்சரிடம் ஏன் போகவில்லை என்பதெல்லாம் அப்போதுதான் விளங்கியது.

“அம்மா, சொல்லியிருக்கலாமே.”

“எப்பிடிச் சொல்லுறது பிள்ளை” என்றாள் லூர்த்தம்மா.

அந்த வருசந்தான் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் வேலை ஒன்று காலியானது. மேசையில் நின்ற பெண்கள் எல்லாரும் கொறற்றியின் பெயரைத்தான் சொன்னார்கள். சோமசேகரமும் அதையே விரும்பினார். ஆனால் கையை விரித்தார்.

“கொம்பனியிலை ஓ.எல். கேக்கினம் தங்கச்சி. தமிழும் கணக்கும் சேத்து ஆறு பாடம். என்னாலை ஒண்டும் செய்யேலாது. ஒரு வருசத்துக்கு வேறை ஒருத்தரைத் தற்காலிகமாப் போடுறன். அதுக்கு மேலை வைச்சிருக்கேலாது.”

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் கொறற்றி கனிசியஸிடம் சொன்னாள்: “நான் சோதினை எடுக்கப் போறன்.”

“முப்பத்தாறு வயதிலையோ?”

“ஓம்.”

“கை?”

“கைக்குப் பேர் இருக்கு இப்ப. பேர் இருந்தால் கேக்கலாம்.”

கேட்டாள். எழுதுவதில் இடர் உள்ளவர்களுக்குப் பரீட்சையில் கூடுதல் நேரம் கொடுப்பார்கள் என்று டொக்டர் தயாளினிதான் சொல்லியிருந்தார். வைத்திய அறிக்கையும் எழுதிக் கொடுத்தார். அதைக் கொண்டுபோன கல்விக் கந்தோரில் கவுண்டருக்குப் பின்னாலிருந்த உத்தியோகத்தர் கொறற்றியை மேலும் கீழும் பார்த்தார். கண் தெரிகிறது, கால் நடக்கிறது, கை இரண்டும் இருக்கிறது.

“உது பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு. நீங்கள் தனிப்பட்ட பரீட்சார்த்தி.”

“அப்பிடி எங்கை போட்டிருக்கு எண்டு காட்டுங்கோ, போறன்.”

அவர் காட்டவில்லை. பிறகு வரச் சொன்னார். அவள் பிறகு போனாள். அதிகாரி கூட்டத்தில் என்றார்கள். கூட்டம் முடியும்வரை வாங்கில் இருந்தாள். மூன்றாம் முறை போனபோது அந்த அதிகாரி, ஒரு நடுத்தர வயதுப் பெண், அறிக்கையைப் படித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

“எனக்கு விளங்கேல்லை. செய்து காட்டேலுமே?”

கொறற்றி ஒரு தாள் வாங்கித் தன் பெயரையும் விலாசத்தையும் எழுதினாள். இடக்கையை மறைக்கவில்லை. அதிகாரி இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். எழுதி முடித்ததும், “நோகுமோ?” என்று கேட்டார்.

“கன நேரம் எழுதினால் நோகும்.”

விண்ணப்பம் கொழும்புக்குப் போனது. ஒவ்வொரு வினாத்தாளுக்கும் அரை மணித்தியாலம் கூடுதல் என்று அனுமதி வந்தது. ஒரு மணித்தியாலம் கேட்டிருந்தாள். கிடைத்தது போதும் என்று வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரியூசனுக்குப் போனாள். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் கடைசி வாங்கு. முதலில் “அன்ரி” என்றார்கள். பிறகு கணக்குக் கொப்பி கடன் கேட்கும் அளவுக்கு வந்துவிட்டார்கள். விஞ்ஞானம் படிப்பித்த சேர் ஒரு நாள் கலத்தின் படம் கீறி, சுற்றிவர ஒரு கோடு போட்டு, “இது கலமென்சவ்வு” என்றார். கொறற்றி எழும்பிவிட்டாள்.

“சேர், அதுக்குக் குறுக்காலை புரதங்களும் நிக்கும் என்ன?”

“நிக்கும். ஆனால் உங்கடை சோதினைக்கு அது வராது” என்றார் சேர். பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தபடி இருந்தாள். ஆனால் கொப்பியில் அந்தக் கோட்டுக்குக் குறுக்கே பெருக்கல் குறிபோலச் சின்னதாக ஒரு புள்ளடி போட்டுக்கொண்டாள்.

வீட்டில் எழுதிப் பழகியதுதான் கடினம். பத்து நிமிடம் எழுதுவது, கையை உதறுவது, பிறகும் எழுதுவது. தோளுக்கு வெந்நீர் ஒத்தடம். சில நாள் பேனையை எறிந்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய் நின்று அழுதாள். மகள் பேனையை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போவாள்.

சோதினை தொடங்கியது. முதல் நாள் சமயம். கரைச்சல் இல்லாமல் போனது. தமிழ்ப் பாடத்தன்று மண்டபத்தில் வேறு மேற்பார்வையாளர். கொறற்றி பழைய பழக்கத்தில் இடக்கையை மேசைக்குக் கீழே மடியில் வைத்துக்கொண்டு எழுதினாள். கட்டுரையில் பாதி வந்திருக்கும். பக்கத்தில் செருப்புச் சத்தம் நின்றது.

“கையிலை என்ன?”

“ஒண்டுமில்லை சேர்.”

“கீழை கையை ஆட்டி ஆட்டி என்ன செய்யிறீர்? எடும் மேலை.”

மண்டபம் முழுக்கத் திரும்பியது. கொறற்றி இடக்கையை மேலே எடுத்து விரித்துக் காட்டினாள். வெறுங்கை. தன்னுடைய அனுமதிக் கடிதத்தையும் நீட்டினாள். அவர் வாசித்தார். முகத்தில் நம்பிக்கை வரவில்லை.

“சரி. ஆனால் கை எனக்குத் தெரிய வேணும்.”

“தெரியும் சேர்” என்றாள்.

இடக்கையை மேசைமேல், விடைத்தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள். வலக்கையால் பேனையை எடுத்தாள். எழுதத் தொடங்கியதும் மேசைமேல் கிடந்த கையும் எழுதத் தொடங்கியது. பக்கத்து மேசைப் பெடியன் எழுதுவதை விட்டுவிட்டுப் பார்த்தான். அவளுக்குக் காது மடல் சுட்டது. பூச்செண்டு விழுந்த அன்று சுட்டதுபோலத்தான். ஆனால் இப்போது நேரம் போய்க்கொண்டிருந்தது. கட்டுரை மீதி கிடந்தது. அவர்கள் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் ஒன்றைக் கவனித்தாள். தோள் வழக்கம்போல நோகவில்லை. இவ்வளவு காலமும் எழுதுவதில் பாதிப் பலம் அந்தக் கையை அடக்கி வைப்பதற்கே போயிருக்கிறது. வீட்டில்கூட அவள் அதை மடியில் அமத்தித்தான் வைத்திருந்தாள், வேற்றாள் ஆரும் பார்க்காத வீட்டில். அன்று அதன் பாட்டுக்கு விட்டாள். மற்றப் பிள்ளைகள் எழும்பிப் போன பிறகும் இருந்து எழுதினாள். கூடுதல் நேரம் முடிய முன்னமே கடைசி வரி வந்தது. விடைத்தாளை வாங்க வந்த மேற்பார்வையாளர் ஒரு கணம் நின்றார்.

“நோகேல்லையோ அம்மா?” என்று கேட்டார்.

“நோகுது சேர். ஆனால் முடிச்சிட்டன்.”

மறுமொழி வந்தபோது ஆங்கிலத்திலும் வரலாற்றிலும் அவள் தவறியிருந்தாள். கணக்கில் சாதாரண சித்தி, மயிரிழையில் வந்திருக்க வேண்டும். தமிழில் ‘பி’ தரச் சித்தி. மொத்தம் ஏழு பாடம் சித்தி. கனிசியஸ் வலை காயப்போட்ட இடத்திலிருந்து ஓடிவந்து ரெலிபோனை வாங்கித் தானே ஒரு தரம் வாசித்துப் பார்த்தான். லூர்த்தம்மா கோயிலுக்கு மெழுகுதிரி கொண்டுபோனாள், அன்றைக்குச் செவ்வாய்க்கிழமைகூட இல்லை. தகப்பன் அடைக்கலநாதன்தான், “ஆங்கிலத்தையும் அடுத்தமுறை எடுத்துப்போடு பிள்ளை” என்றார். அவள் அவரை முறைத்தாள்.

சோமசேகரம் சான்றிதழின் பிரதியை வாங்கி மேலிடத்துக்கு அனுப்பினார். அடுத்த மாதம் முதல் நீல நிறத் தொப்பி அவளுக்கு வந்தது; மேற்பார்வையாளருக்கு அந்த நிறம். மேசையைச் சுற்றி நடப்பதுதான் இப்போது வேலை. சதையில் ஓட்டுத்துண்டு கிடக்கிறதா, ஐஸ் போதுமா, யாருக்குக் கை வெட்டுப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பார்த்ததை அட்டையில் குறிக்கவும் வேண்டும். அதற்கு அவள் இடக்கையைப் பைக்குள் போடுவதில்லை.

அந்த வாரம் புதிதாய் வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருத்தி அவள் எழுதுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கத்தி நண்டின்மேல் அப்படியே நின்றது.

“அக்கா, உங்கடை மற்றக் கை…”

“அது அப்பிடித்தான் பிள்ளை. அதுவும் எழுதும்” என்றாள் கொறற்றி. “நீ கத்தியைப் பார்.”